செத்த நண்டு எழுந்திருக்க இருபது காசு

ஜித்ரா,
5.9.1982

மதிப்புக்கும் சில நேரம் மிதிப்புக்கும் உரிய ஜெனவீவ் அக்காவுக்கு, உன் தம்பி சிரில் எழுதுவது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். குருணில் பஸ் அரை மணி நேரம் நின்றது. டிரைவர் இறங்கிக் கோப்பி குடித்தார். நாங்கள் நாற்பது பேர் உள்ளே உட்கார்ந்து வெயில் குடித்தோம். ஜித்ராவில் கிளாரன்ஸ் மாமா மோட்டாரோடு காத்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலிலேயே ஜேன் அத்தை கேட்டார், "ஏண்டா, இந்த லீவுல யாரை எழுப்பி விட்ட?"

போன வருஷம் லீவு நாளில் நான் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டு மணியை அடித்ததும், தோட்டத்தில் இருநூறு பேர் கத்தியும் வாளியுமாக வந்து வேலைக்கு வரிசை பிடித்து நின்றதும் இங்கே இன்னும் ஓடுகிற படம். அதற்காகத்தானே அப்பா என்னை மாமா வீட்டில் படிக்கட்டும் என்று அனுப்பினார். ஊரை எழுப்பினவனை ஊரைவிட்டே எழுப்பிவிட்டீர்கள்.

எஸ்.ஆர்.பி. பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். படிக்கிறேன். புத்தகம் திறந்திருக்கிறது, அந்த அளவில்.

நம் குட்டித் தம்பி டக்ளஸுக்குக் கண் எப்படி? ரப்பர் தோட்டத்தில் கித்தாக் காய் வெடிக்கிற மாதம், மரத்தின் மேல் யார் கேஸ் போட முடியும்? ஒரு கண்ணால் பார்த்தால் வீட்டுப்பாடம் பாதிதான் தெரியும், கொடுத்து வைத்தவன் என்று நான் சொன்னதாகச் சொல். சிரித்தானா என்று எழுது.

அன்புத் தம்பி,
சிரில்

பின்குறிப்பு: கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். திறக்காதே, உள்ளே பாம்பு. அப்படியே தூக்கி ஓடையில் போட்டுவிடு. அக்கா நல்ல அக்கா.


திகாம் பத்து,
10.9.1982

சிரிலுக்கு,

அம்மா எழுதச் சொன்னார். மரப்பட்டை வெட்டு முடிந்தது, ரப்பர்ப் பால் எடுக்கப் போவதற்கு முன் எழுதுகிறேன். கையில் பால் பிசுக்கு. காகிதம் ஒட்டினால் பிரித்துப் படி.

டக்ளஸ் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. எட்டு வயதுப் பையன் இவ்வளவு தைரியமாக இருக்கிறானே என்று அப்பாவுக்குப் பெருமை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் பரஞ்சோதி கண்ணைக் கழுவி, மருந்து போட்டு, பஞ்சு வைத்துக் கட்டினார். "காய் வெடிச்சுப் பட்டதுதானே? வருஷா வருஷம் ரெண்டு பேராவது வருவாங்க. ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றார். ஒரு வாரம் முடிந்து ஒரு நாள் ஆகிறது.

பகல் முழுக்கப் பாயில் மல்லாந்து படுத்திருக்கிறான். கால் இரண்டும் சேர்த்து, கை இரண்டும் உடம்போடு ஒட்டி. "எந்திரிடா" என்றால் என் முகத்தைப் பார்க்கிறான். நான் சொன்னால் போதாது, வேறு யாரோ சொல்ல வேண்டும் என்கிற மாதிரி. சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிறான், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் அதே மாதிரி படுக்கிறான். எப்படிடா பட்டது என்று கேட்டால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறான்.

டின்னைத் திறந்தேன். உன் பாம்பு, கவட்டைக் கொம்பில் கட்டிய ரப்பர். லாஸ்டிக். கூடவே ஓடு உரிக்காத கித்தாக் கொட்டை ஒரு டின் நிறைய. ஓடையில் போடவில்லை.

நான் வெட்டுகிற மர நிரையில் பதினோரு மங்கு காணாமல் போயிருந்தது. மரத்தில் பால் பிடிக்கிற மங்கைத் திருடி யாருக்கு என்ன லாபம் என்று தேடிக்கொண்டே போனேன். நாலாம் நம்பர் காட்டில், ஓடைக்கு அந்தப் பக்கம், வெட்டாமல் விட்ட பழைய மரங்களுக்கு நடுவில் கிடந்தன. மூன்று உடைந்திருந்தன. நான் மூன்று வருஷமாகப் பால்மரம் வெட்டுகிறேன். காய் வெடித்து மங்கு உடைந்து பார்த்ததில்லை.

உன் கூட்டாளி குழந்தைவேலு என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான். குழாயடிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் பக்கவாட்டில் நடக்கிறார்கள், மூன்று அடி இப்படி, மூன்று அடி அப்படி. கேட்டால் நண்டு என்கிறார்கள். கோப்பிக் கடைக்கு வந்திருக்கிற கேம் மெஷினில் படித்ததாம். நான் அதைப் பார்த்ததில்லை. நீ பார்க்காத நாளே இல்லை என்று கேள்வி.

என்ன நடந்தது?

ஜெனவீவ்


ஜித்ரா,
14.9.1982

துப்பறியும் சிங்கம் ஜெனவீவ் அவர்களுக்கு,

மரத்தைக் கீறினால் பால் வரும், சிரிலைக் கீறினால் பொய்தான் வரும் என்று முடிவு கட்டிவிட்டாய். சரி, கீறு. நான் மங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மெஷின். கோப்பிக் கடையில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், நம் வீட்டு அலமாரி உயரம் இருக்கும். கண்ணாடிக்குள்ளே கறுப்பு வானம். வானத்தில் நண்டு. நண்டுக்கு வானத்தில் என்ன வேலை என்று கேட்காதே, கடைக்காரத் தவுக்கேயிடம் நானே கேட்டேன். "லு மாயின்லா, ஜாங்கான் பஞ்சாக் தஞ்சா" என்றார். விளையாடு, கேள்வி கேட்காதே என்று அர்த்தம். பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் விளையாடு என்பதை விட்டுவிட்டு.

நண்டெல்லாம் வரிசையாக வலது பக்கம் மூன்று அடி, கீழே ஒரு அடி, இடது பக்கம் மூன்று அடி என்று இறங்கும். கீழே நம்முடைய பீரங்கி. சுட்டால் 'பிஷ்'. நண்டு இருந்த இடத்தில் வானம். ரத்தம் கிடையாது, சத்தம் மட்டும். பிணம் கிடையாது, பணம் மட்டும். ஒவ்வொன்றாகக் குறையக் குறைய மிச்ச நண்டுக்கு வேகம் வரும். கடைசி நண்டு பேய் ஓட்டம் ஓடும், அதை அடிக்கிறவன்தான் ஆள். எல்லாம் முடிந்து இருட்டாகிவிட்டால் இருபது காசு போடு, செத்த நண்டு அத்தனையும் சிரித்த முகமாக எழுந்து வரும். ஈஸ்டருக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், மூன்று விநாடி போதும். (இதைச் சாமியாரிடம் சொல்லாதே.)

லீவு இரண்டாம் வாரத்திலேயே எங்கள் பாக்கெட் எல்லாம் கறுப்பு வானம். அதனால் காசில்லாத மெஷின் ஒன்று செய்தேன். காட்டில் மரம் ஏற்கனவே வரிசையாகத்தான் நிற்கிறது, பாதி வேலையை வெள்ளைக்காரன் முடித்து வைத்துவிட்டான். பத்துப் பதினோரு பிள்ளைகள் நண்டு. ஆளுக்கொரு மங்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூன்று அடி, ஒரு அடி, மூன்று அடி. நான் காலித் தகரத் தோம்புக்குப் பின்னால் லாஸ்டிக்கோடு பீரங்கி. மங்கு விழுந்தால் நண்டு செத்தது, பத்து மார்க். குறி மங்கின் மேல்தான் அக்கா. ஆள் மேல் குறி வைக்க நான் என்ன ரவுடியா? பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்து நண்டானார்கள். குழந்தைவேலு என்னைவிட ஒரு வயதுதான் சின்னவன். அவனே "நான் முன் வரிசைடா" என்று கெஞ்சினான்.

உடைந்த மூன்று மங்கு என் தலையில். மன்னித்துக்கொள்.

டக்ளஸுக்குப் பட்டது வேறு சமாச்சாரம். ஆட்டம் முடிந்து வரும்போது மேலே டப்பென்று ஒரு காய். உனக்கே போன வருஷம் உச்சந்தலையில் விழுந்து, நீ "ஐயோ சாமி" என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடவில்லையா? அது மாதிரிதான். இயற்கை அக்கா, இயற்கை.

அவன் நேராகப் படுத்தால் நல்லதுதானே. கூன் விழாது.

சிரில்


திகாம் பத்து,
18.9.1982

சிரிலுக்கு,

உன் கடிதத்தில் எட்டு இடத்தில் சிரிப்பு வர வேண்டும். எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

டக்ளஸின் கண்ணில் கறுப்பு விழி மேல் பால் படிந்த மாதிரி ஆகிவிட்டது. டிரசரே பயந்துபோய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை நானும் அம்மாவும் அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

கண் டாக்டர் இளம் வயது. பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார், என்ன பட்டது, எவ்வளவு தூரத்திலிருந்து? காய் வெடித்தது என்று அம்மா சொன்னார். டாக்டர் திரும்பவும் கேட்டார். அம்மா திரும்பவும் அதையே சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டர் என்னிடம் சொன்னது இது. மேலே இருந்து காய் தட்டியது என்றால் வெளியே கீறல், மருந்தில் ஆறும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள். ஏதாவது வேகமாக வந்து குத்தியது என்றால் சில்லு உள்ளே போயிருக்கும், உடனே கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். காரணம் இல்லாமல் குழந்தையின் கண்ணை நான் கத்தியால் தொட மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன்.

டக்ளஸைக் கேட்டார். டக்ளஸ் கையை ஒட்டி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

உன் லாஸ்டிக்கைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். ஆனால் நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லி அவன் கண்ணில் கத்தி வைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சீட்டு கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது என் காதில் ஒரு வார்த்தை சொன்னான். பதினாறு நாளில் அதைப் பற்றி அவன் பேசிய ஒரே பேச்சு. "செத்தவங்க பேசக்கூடாதுக்கா." யாரடா செத்தது என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

இங்கே மற்ற விஷயம் வேகமாக நடக்கிறது. உபதேசியார் ஜெபத்துக்குப் பிறகு, அந்த மெஷின் பிள்ளைகள் மனதில் கொலையை விதைக்கிறது என்று பேசினார். மாரியம்மன் கோயில் கமிட்டியும் அதையே சொல்லிவிட்டது. இந்தத் தோட்டத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனதை நான் முதல் தடவை பார்க்கிறேன். மெஷினை எடுக்கச் சொல்லி மனு, அறுபத்து மூன்று கையெழுத்து, முதல் கையெழுத்து அப்பா. தவுக்கே பயந்துபோய் மெஷினைத் திருப்பி வைத்துச் சாக்குப் போட்டு மூடிவிட்டார். அது இப்போது சுவரைப் பார்த்து நிற்கிறது, குழந்தைவேலு மாதிரி.

மெஷின் நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை. டாக்டர் கேட்டதைத்தான் கேட்கிறேன். என்ன பட்டது, எவ்வளவு தூரம்?

சிரிப்புக்கு இடம் விடாமல் எழுது.

ஜெனவீவ்


ஜித்ரா,
21.9.1982

அக்கா,

டாக்டருக்கு வேண்டியதை முதலில் எழுதுகிறேன். காய் வெடிக்கவில்லை. லாஸ்டிக். ஓடு உரிக்காத கித்தாக் கொட்டை. ஆறு அடி தூரம், ரப்பர் முழு இழுப்பு. நேர் எதிரே இருந்து. அடித்தது நான். பார்த்தது ஒன்பது பேர், சொல்ல வேண்டாம் என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கியதும் நான்.

இந்த இடம் வரைக்கும் கிழித்து டாக்டரிடம் கொடுத்துவிடு. மிச்சம் உனக்கு.

அன்றைக்கு டக்ளஸ்தான் கடைசி நண்டு. மெஷினில் போலவே வேகமாக ஓடப் பழகியிருந்தான். கால் ஒன்றும் வெளியே தெரியாமல், மரத்துக்கு மரம், சிரித்துக்கொண்டே. நான் நாலு தடவை விட்டு நாலும் தவறியது. எனக்குக் கோபமில்லை அக்கா, அதை எப்படிச் சொல்வது, வேறு எதுவும் தெரியவில்லை, மங்கு மட்டும்தான் தெரிந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்க மங்கை இரண்டு கையாலும் தூக்கினான். நான் விட்டுவிட்டேன். விழுந்தான்.

கத்தவில்லை. அவன் ஏன் அழவில்லை என்பதற்கும் பதில் இதுதான். விதி நான் போட்டது. செத்த நண்டு அழக்கூடாது, பேசக்கூடாது, அசையக்கூடாது. அழுதால் அடுத்த ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டோம். மெஷினில் செத்த நண்டு அழுது யாராவது கேட்டிருக்கிறார்களா? மற்றவன் எல்லாம் செத்த பிறகு கொசு அடிப்பான், தும்முவான், கிச்சுக்கிச்சு காட்டுவான். டக்ளஸ் மட்டும் சரியாகச் சாவான். "பாருங்கடா, என் தம்பி மாதிரிச் சாகணும்" என்று எல்லார் முன்னாலும் நான் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அவனைப் போய்ப் பார்க்கவில்லை. கடைசி நண்டை அடித்துவிட்டேன் என்று குதித்தேன். "புது ஆட்டம்டா, காசு போட்டாச்சு" என்று கத்தினேன். எல்லாரும் எழுந்தார்கள். டக்ளஸ் எழவில்லை. நன்றாகச் சாகிறான் என்று நினைத்தேன். அவனை விட்டுவிட்டே இரண்டு ஆட்டம் ஆடினேன். நடுவில் குழந்தைவேலு படுத்தபடியே, "டேய், டக்ளஸ் மூஞ்சில என்னமோ வடியுதுடா" என்றான். "பேசாத, நீ செத்துட்ட" என்றேன். அந்த ஆட்டத்தில் எனக்குத் தொண்ணூறு மார்க்.

வீட்டுக்குக் கூட்டி வரும் வழியில் அவனிடம் சொன்னேன், "காய் வெடிச்சதுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ செத்த நண்டு. நான் காசு போடற வரைக்கும் பேசக்கூடாது." சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னேன். இரண்டாம் நாள் பஸ் ஏறிவிட்டேன். காசு போட மறந்துவிட்டேன்.

மறக்கவில்லை.

மனுவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அந்த மெஷின் யாரையும் குறி வைக்கவில்லை. ஆனால் அது வராமல் இருந்திருந்தால் இந்த ஆட்டம் என் மூளைக்கு வந்திருக்காது, செத்தவன் அழமாட்டான் என்ற விதியும் வந்திருக்காது. இரண்டும் நிஜம். எது எவ்வளவு என்று பிரிக்க உட்கார்ந்தேன், முடியவில்லை. அறுபத்து மூன்று பேருக்கு அது சுலபமாக இருந்திருக்கிறது.

மாமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தபாலில் போட்டால் இரண்டு நாள் போய்விடும் என்று அவரே லீவு போட்டு மோட்டாரில் கொண்டு வருகிறார். "பின்னால ஏறுடா" என்றார். எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வரவில்லை.

கீழே டேப் போட்டு ஒட்டியிருக்கிற இருபது காசு டக்ளஸுக்கு. என்னிடம் இருந்தது இதுதான். அண்ணன் காசு போட்டுவிட்டான் என்று சொல். எழுந்திருக்கலாம், பேசலாம், அழலாம் என்று சொல்.

சிரில்


அலோர் ஸ்டார்,
25.9.1982

சிரிலுக்கு,

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமா வந்தபோது அப்பா வேலை முடிந்து சோற்றில் கை வைத்திருந்தார். டாக்டருக்கு உள்ளதை மட்டும் படிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்பா "முழுசாப் படி" என்றார். படித்தேன். முடித்ததும் கை கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் கார் கேட்கப் போனார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நல்லதில்லை என்று உனக்கே தெரியும்.

காசை டக்ளஸிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணன் போட்டானா?"

"போட்டான்."

"அப்ப எந்திரிக்கலாமா?"

"எந்திரி."

எழுந்து உட்கார்ந்தான். பிறகு அழ ஆரம்பித்தான். காரில் ஏறியும் அழுதான், குருண் தாண்டியும் அழுதான். வலிக்குது, வலிக்குது என்று பத்தொன்பது நாள் வலியையும் சேர்த்துச் சொன்னான். பிள்ளை அழுகிறதே என்று அம்மா சிலுவை போட்டு நன்றி சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

உன் கடிதத்தின் மேல் பாதியை டாக்டர் படிக்க வைத்துக் கேட்டார். அடுத்த நாள் காலையிலேயே ஆபரேஷன். உள்ளே இருந்து ஓட்டுச் சில்லு ஒன்று எடுத்தார். குட்டிச் சீசாவில் போட்டுக் காட்டினார். நொய்யரிசி அளவு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் மற்ற கண்ணுக்கும் ஆபத்து என்றார். இந்தக் கண்ணில் இப்போதைக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. தெரியுமா தெரியாதா என்று இரண்டு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

குழந்தைவேலு வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் நின்று, "நானும் பார்த்தேன் மாமா" என்றானாம். அப்பா அவனை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னாராம். கோப்பிக் கடையில் சாக்கை எடுத்துவிட்டார்கள், மெஷின் மறுபடியும் முன்பக்கம் திரும்பிவிட்டது. அப்பா வரும் வழியில் பார்த்திருக்கிறார். வரிசையில் உபதேசியார் மகனும் நிற்கிறானாம்.

ஜித்ராவிலிருந்து இங்கே அரை மணி நேர பஸ். குழந்தைகள் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். பார்க்கிற நேரம் ஐந்து மணி. அப்பா தினமும் வருகிறார். நீ வருவாயா என்று கேட்கவில்லை, ஆனால் யாராவது கதவைத் திறந்தால் திரும்பிப் பார்க்கிறார்.

டக்ளஸ் அந்தக் காசைச் செலவழிக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். நர்ஸ் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று கை நீட்டியும் கொடுக்கவில்லை. எதுக்குடா பத்திரப்படுத்துகிறாய் என்று கேட்டேன்.

"அண்ணன் வந்தா அப்பா அடிப்பாருல்ல. அண்ணன் செத்துட்டா எந்திரிக்கறதுக்குக் காசு வேணும்ல. அவங்கிட்ட இருந்தத எனக்குப் போட்டுட்டான்" என்றான்.

வந்து வாங்கிக்கொள்.

ஜெனவீவ்